கூடியிருந்தால் இனிக்காத சீனி

நெடுங்கரையில் சீனி இனிக்காமல் போனது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், லாலா மிட்டாய்க்கடை பிரம்மநாயகத்தின் பேத்திக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது. கேக்கை வெட்டி ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டதும், கூடியிருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு, இதை முதலில் யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தட்டோடு மொட்டைமாடிக்குப் போன் பேசப் போயிருந்த குழந்தையின் தாய்மாமன் மட்டும் இறங்கி வந்து, "கேக்கு நல்லா இருக்கே, எங்க வாங்குனது?" என்றார். அவரை நடுக்கூடத்தில் நிறுத்தி இன்னொரு துண்டைக் கொடுத்தார்கள். "இப்ப இல்ல," என்றார். மறுபடியும் மாடிக்கு அனுப்பினார்கள். மேலேயிருந்து, "இப்ப இருக்கு!" என்று குரல் வந்தது.

அடுத்த வாரச் சந்தைக்குள் ஊர் முழுக்க விஷயம் தெளிவாகிவிட்டது. சீனியானாலும் வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் தேனானாலும், தனியாக இருந்து தின்றால் எப்போதும்போல் இனித்தது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் இனிக்கவில்லை. கொய்யாவும் வாழைப்பழமும் அவித்த சீனிக்கிழங்கும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாமல் பழையபடியே இருந்தன. சீனியில் மாதிரி எடுத்துக்கொண்டு போன உணவுப் பாதுகாப்பு அதிகாரி தன் அறையில் தனியாக உட்கார்ந்து ருசி பார்த்துவிட்டு, சரக்கில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லியனுப்பினார். அவர் சொன்னதும் உண்மைதான். அதற்குப் பிறகு ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்யாத வருஷங்களைக் கேள்வி கேட்காமல் கடந்து வந்த ஊருக்கு இது ஒரு பெரிய காரியமாகப் படவில்லை.

எறும்புகள்தான் முதலில் ஒதுங்கின, எறும்பு ஒருபோதும் தனியாக வருவதில்லை என்பதால். சீனி டப்பாக்கள் மூடியில்லாமலே அடுப்படிகளில் கிடந்தன. பிரம்மநாயகம் தன் கடைக்குள் தடுப்பு வைத்து, ஓர் ஆள் மட்டும் உட்காரும்படி சின்னச் சின்ன அறைகளாக்கித் திரைச்சீலை தொங்கவிட்டார். உள்ளே போனவர்கள் அல்வாவைத் தின்றுவிட்டு, கோயில் கருவறையிலிருந்து வருகிறவர்களைப்போல் யாரையும் பாராமல் வெளியே வந்தார்கள். பெருமாள் கோயிலில் சர்க்கரைப் பொங்கலை வாங்கியவர்கள் ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார்கள், தூண்கள் போதாமல் தேருக்குப் பின்னால் போகவும் வரிசை நின்றது. கல்யாணப் பந்தியில் இலையில் வைத்த லட்டை எல்லோரும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் சீனிச் சேவு தின்னக் கண்மாய்க்கரைக்குப் போன ஆண்கள், கரை நெடுகிலும் தம்மைப்போலவே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டு, இன்னும் தள்ளி இன்னும் தள்ளி என்று பக்கத்து ஊர் எல்லைவரை போனார்கள்.

ஆனால் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைத் தனி அறையில் தள்ளிக் கதவைச் சாத்தி, "தின்னுட்டு வா," என்று சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை. சொன்ன ஒன்றிரண்டு வீடுகளில் பிள்ளைகள் அறையைவிட்டு வெளியே வர மறுத்தன. நாலு மணி என்றாலே ஊருக்குள் ஓர் அழுகை கிளம்பி, தெருத் தெருவாகப் போய், விளக்கு வைக்கும்போதுதான் அடங்கியது.

அந்த அழுகைதான் செண்பகவடிவைத் தேடிக்கொண்டு வந்தது.

வடிவு கீழத்தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஊட்டச்சத்துப் படித்திருந்தாள். அப்பா செல்லத்துரை நெல் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். அம்மா பேச்சியம்மாள் வீட்டில் இலையும் தூளும் பரப்பிய சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றினாள். படிப்பை முடித்து வந்தவளைப் பற்றி இருவருக்கும் அளவில்லாத பெருமை இருந்தது, அவளிடம் பேசுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. அப்பா அவளுக்கு முன்னால் சட்டையில்லாமல் உட்காருவதை நிறுத்திக்கொண்டார். அம்மா அவளைப் பாத்திரம் தேய்க்க விடுவதில்லை. "நீ படிச்ச பிள்ள," என்று இருவரும் சொல்லும்போது, யாரோ பெரிய இடத்து விருந்தாளியை உட்காரச் சொல்கிற குரல் அதில் இருந்தது. வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு அவள் அந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கூப்பிட்டது எதிர்வீட்டுச் சொர்ணம். "ஏட்டி வடிவு, நீ தின்பண்டத்துக்குத்தான படிச்ச? இந்தப் பயலுவளுக்கு என்னத்தட்டி குடுக்க?"

வடிவு புரதம், நார்ச்சத்து, மாவுச்சத்து என்று கல்லூரியில் சொன்னதுபோலவே நின்று சொன்னாள். சொர்ணத்தின் கடைக்குட்டி வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "எம்மா, எனக்கு அதுல எதுவும் வேண்டாம்," என்று அழ ஆரம்பித்தது.

"பாத்தியா, சிரிக்கிற பிள்ளையையும் அழ வச்சிட்ட. வாயில போடுத மாதிரி ஏதாவது சொல்லு தாயி."

அன்று அவள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தாலும், மறுநாள் கொண்டைக்கடலையை ஊறவைத்து எடுத்துப் போய், சொர்ணத்தின் அடுப்பிலேயே அவித்து, தேங்காய்த் துருவலும் மாங்காய்க் கீற்றும் போட்டுக் கிளறினாள். அதற்கடுத்த நாள் முளைகட்டிய பாசிப்பயறு. பிறகு தோலோடு அவித்த நிலக்கடலை; உடைத்துத் தின்கிற வேலையே பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது. பிறகு கொய்யாக் கீற்றில் உப்பும் மிளகாய்ப்பொடியும், முருங்கைக்கீரை போட்ட குட்டி அடை, சோளப்பொரி, எள்ளும் பொரிகடலையும் இடித்த பொடியைத் தொட்டுக்கொள்ளப் பனங்கிழங்கு. இனிப்பைக் கேட்கிற பிள்ளைக்குப் பாதி வேண்டியது கையில் பிடிக்க ஒரு பொருள், கடித்தால் ஒரு சத்தம், பக்கத்தில் இருப்பவனிடம் பிடுங்கித் தின்ன ஒரு வாய்ப்பு என்பதை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. அடுப்படிகளில் நின்று கண்டுகொண்டாள்.

"கருப்பட்டி நல்லதுன்னு சொல்லுவாகளே, அதாவது இனிக்கப்பிடாதா?" என்றாள் தச்சர் வீட்டு மதினி.

"கொஞ்சம் சத்து இருக்கும் மதினி. ஆனா உடம்புக்குள்ள போனா அதுவும் சீனிதான். நல்லதுன்னு பொய் சொல்ல முடியாது."

"படிச்சும் உனக்குப் பொய் சொல்ல வரலியா? அப்ப நீ பொழச்சாப்லதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள். "சின்னப் பிள்ளைக்கு முழுக் கடலை குடுக்காதீங்க, தொண்டையில சிக்கிரும். நசுக்கிக் குடுங்க," என்று பாதி வழியிலிருந்து ஒருமுறை திரும்பிவந்து சொன்னாள், நினைத்துப் பயந்து.

இப்படியாக நாலு மணி ஆனால் ஏதாவது ஒரு வீடு அவளைக் கூப்பிட்டது. நாலு மணிக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாம்பாளம் நடுவில் வந்தது, அதைச் சுற்றி முழங்கால்கள் வந்தன, பிடுங்கலும் சண்டையும் வந்தன. அழுகை ஊரைவிட்டுப் போயிற்று. அந்தத் தாம்பாளங்களை விட்டு ஓரடி தள்ளி, சுவரோரமாக, கையில் கரண்டியோடு வடிவு நின்றாள்.

அவளுக்கு எல்லா இடத்திலும் சீனி இனித்தது.

அதை அவள் சொர்ணத்தின் வீட்டிலேயே கண்டுகொண்டிருந்தாள். பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கிய சீனிமிட்டாய்களில் ஒன்றை, சோதித்துப் பார்க்கிறவளாக, அத்தனை பேருக்கும் நடுவில் வாயில் போட்டாள்; அது இனித்தது. அடுத்தவர் வீடு என்பதால் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் அப்பாவும் அம்மாவும் சாப்பிட உட்கார்ந்தபோது நடுவில் உட்கார்ந்து விரல் நுனியில் சீனியைத் தொட்டு நாக்கில் வைத்தாள், அதுவும் இனித்தது. கோயிலில் கூட்டத்துக்குள் நின்று பார்த்தாள். பேருந்தில் நெருக்கடியில் நின்று பார்த்தாள். கூட்டம் கூடக் கூட இனிப்பும் கூடிக்கொண்டே போனது.

யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தும் இனித்தால் அந்த ஆள் ஆளே இல்லை என்றுதானே அர்த்தம். அதைப் பெற்றவர்களிடம் எப்படிச் சொல்வது? அதனால் இனிக்காதவளைப்போல் நடிக்கக் கற்றுக்கொண்டாள். இனிக்காத சீனி எப்படி இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. கேட்டால் ஒருத்தி சுண்ணாம்பு மாதிரி என்றாள், ஒருத்தி நனைந்த மாவு என்றாள், ஒருத்தி காய்ச்சல் வாய்க்குக் கஞ்சி என்றாள். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கடைசியில் அம்மாவின் முகத்தை எடுத்துக்கொண்டாள். பேச்சியம்மாள் புருவத்தைச் சுருக்கி, ஒரு கண்ணை லேசாக மூடி, கசப்பு மருந்தை விழுங்குகிறவளாகத் தொண்டையை அசைத்து, பிறகு ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பாள். தெருவில் அவ்வளவு நம்பும்படியாக யாரும் முகம் சுளிப்பதில்லை. வடிவு கண்ணாடி முன்னால் நின்று அதைப் பழகினாள்.

இதற்குள் ஊர் இந்தச் சட்டத்துக்கு ஒரு பயனும் கண்டுபிடித்திருந்தது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் வெற்றிலைத் தட்டோடு ஒரு கிண்ணம் சீனியும் கொண்டுவந்தார்கள். பெண்வீட்டார் எல்லோரும் ஒரே பாயில் சேர்ந்து உட்கார, மாப்பிள்ளை வீட்டு மூத்தவள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிட்டிகை வைப்பாள். யாருக்கும் இனிக்கவில்லை என்றால் அது ஒட்டுதலான குடும்பம். இதற்குச் சீனி தொடுதல் என்று பெயர் வைத்தார்கள். வந்து சில மாதமே ஆன வழக்கம், ஆதி காலத்திலிருந்தே இருப்பதுபோல் அதற்கு நல்ல நேரம் பார்த்தார்கள், குறி சொன்னார்கள், சண்டையும் போட்டார்கள்.

தை பிறந்ததும் வடிவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை முத்துக்குட்டி, பக்கத்து ஊர். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று அவனே சொல்லியனுப்பியிருந்தான். வடிவுக்கு அதைக் கேட்டு ஆசை வந்தது. வேறொரு வீடு, வேறொரு ஆள், யாருக்கும் அவள் விருந்தாளியாக இல்லாத ஓர் இடம். அங்கே ஒருவேளை சீனி இனிக்காமல் ஊமையாகிவிடும். அங்கே போகவேண்டுமானால் இங்கே அதைப் பொய்யாக ஊமையாக்க வேண்டும். செல்லத்துரை அவளைக் காட்டிலும் ஆசைப்பட்டார். கிட்டங்கியில் எல்லோரிடமும் சொல்லி, சீனி தொடுகிற நாளில் தன் வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார், தன் குடும்பத்தின் ஒட்டுதலை எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அன்று வீடு கொள்ளாத கூட்டம். ஜன்னலுக்கு வெளியே சொர்ணமும் தச்சர் வீட்டு மதினியும் பிள்ளைகளும் தலைக்கு மேல் தலையாக நின்றார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா உலகம்மாள் கிண்ணத்தைத் திறந்தாள்.

"மொத அப்பா."

செல்லத்துரை வாயில் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் இல்ல," என்றார். சாதாரணமாக, தண்ணீர் குடித்தவரைப்போல.

"அடுத்து அம்மா."

பேச்சியம்மாள் புருவத்தைச் சுருக்கினாள், ஒரு கண்ணை மூடினாள், விழுங்கினாள், தண்ணீர் கேட்டாள். "சை," என்றாள். ஜன்னலில் யாரோ சிரித்தார்கள்.

"நீ வாங்கிக்கம்மா."

வடிவு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். அத்தனை பேர் மூச்சும் அந்த அறைக்குள் இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து தின்ற எல்லா இனிப்பையும் சேர்த்து ஒரே இடத்தில் காய்ச்சியதைப்போல அது இனித்தது. பல் கூசியது, கண்ணில் நீர் முட்டியது. பழகிய முகத்தைத் தேடினாள். அது வந்துவிட்டது, புருவம்வரை வந்துவிட்டது. அப்போது, இந்த முகத்தை இனி அந்த வீட்டிலும் தினமும் செய்யவேண்டும், நாலு மணிக்கு ஒரு தாம்பாளத்தைச் சுற்றித் தன் பிள்ளைகள் உட்கார்ந்தாலும் அவர்களுக்கு நடுவிலும் செய்யவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எப்படிம்மா இருக்கு?"

"இனிக்குது," என்றாள் வடிவு.

"என்னது?"

"ரொம்ப இனிக்குது அத்தை."

உலகம்மாள் கிண்ணத்தை மூடினாள். முத்துக்குட்டி வடிவை நிமிர்ந்து பார்த்தான், ஏதோ கேட்கப்போகிறவன்போல. அவன் மாமா அவன் தோளைத் தொட்டதும் எழுந்துகொண்டான். யாரும் கோபமாகப் பேசவில்லை. "படிச்ச பிள்ளைக்கு நம்மளெல்லாம் மனுசராத் தெரிய மாட்டோம் போலுக்கு," என்று மட்டும் உலகம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள். வெற்றிலைத் தட்டு வந்த வழியே போயிற்று. ஜன்னலில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

செல்லத்துரை பாயிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எங்ககூட இருந்துமாட்டி உனக்கு இனிக்கி?" என்றார். "நாங்க என்னட்டி கொற வச்சோம்?"

"நீங்க ஒரு கொறையும் வைக்கலப்பா."

"பொறவு?"

அதைச் சொல்லும் வார்த்தை அவர்கள் இருவருக்கும் பொதுவாக இல்லை. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார், அன்று வேலை இல்லாதபோதும்.

அதற்குப் பிறகு நாலு மணிக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டிய தேவையும் இல்லை, எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் குக்கர் சத்தமும் தாளிக்கிற கடுகு வாசமும் எழும். சொர்ணம் வீட்டில் கடலைத் தோல் உடைபடுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். வடிவு தன் வீட்டுக்குள், ஜன்னலைவிட்டுத் தள்ளி, தான் ஊருக்குக் கற்றுக்கொடுத்த ஒவ்வொன்றையும் மூக்கால் அடையாளம் கண்டுகொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்று அவர்களுக்குத் தட்டப்பயறு. இன்று இவர்களுக்கு அடை, கீரை கொஞ்சம் கருகிவிட்டது.

அப்படி ஒரு நாலு மணிக்கு, பீடி சுற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்கும் இனிக்கத்தான் செய்யுது."

வடிவு திரும்பிப் பார்த்தாள்.

"மொத நாள்லேர்ந்தே. உங்கப்பா பக்கத்துல இருந்தாலும் இனிக்கும், நீ இருந்தாலும் இனிக்கும், ஊரே இருந்தாலும் இனிக்கும்."

"அன்னைக்கு 'சை'ன்னியே."

"சொன்னேன்."

"எம்மா, நான் அன்னைக்கு அத்தன பேரு முன்னால ஒத்தையில நின்னேனே. ஒரு வார்த்த நீயும் சொல்லியிருக்கலாம்லா?"

பேச்சியம்மாளின் விரல்கள் இலையைச் சுருட்டி, நூலைக் கட்டி, நுனியை மடித்து, அடுத்ததை எடுத்தன. "ரெண்டு பேருக்கும் இனிச்சா அந்த மனுசன் வெளிய தல காட்ட முடியுமா? நீ சொல்லுவன்னு நான் நெனைக்கல. நீ சொன்ன பொறவு எனக்கு வாயி வரல." நூலை அறுத்துக்கொண்டே, "பயந்துட்டேன்," என்றாள்.

வடிவுக்குக் கோபம் வந்தது. இந்த வீட்டில் அவள் கோபப்பட்டு வெகுநாள் ஆகியிருந்தது; விருந்தாளிகள் கோபப்படுவதில்லை. "இத்தன நாளா நான் ஒருத்திதான் இப்படின்னு கெடந்தேன். நீ பக்கத்துலயே இருந்திருக்க. நானும் உன் மூஞ்சியப் பாத்து உன் மூஞ்சியவே பழகியிருக்கேன். நல்ல அம்மா!"

"ஏசு," என்றாள் பேச்சியம்மாள். "நல்லா ஏசு. என்னைய ஏசக்கூட மாட்டேங்கியேன்னு இருந்துச்சு."

வடிவு ஏசினாள். படிக்க அனுப்பியதற்கு ஏசினாள், திரும்பி வந்ததும் பாத்திரம் தேய்க்க விடாததற்கு ஏசினாள், கல்லூரி விடுதியில் முதல் வருஷம் ஒருத்தியும் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடாததை ஒருநாளும் கேட்காததற்கு ஏசினாள். பேச்சியம்மாள் பீடியைக் கீழே வைத்தாள்.

"உக்காரலியா? ஏன்?"

"தெரியாது. நான் பேசுறது அவளுகளுக்குச் சிரிப்பா இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ என்ன செய்வ?"

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன்," என்றாள் பேச்சியம்மாள், யோசித்து. "எனக்கு என்ன தெரியும்? சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், மூடியில்லாத டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை சீனியை எடுத்துவந்து மகள் கையில் வைத்தாள், தனக்கும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டாள். இருவரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டார்கள். வெளியே சொர்ணத்தின் பிள்ளைகள் கொய்யாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"எப்படி இருக்கு?" என்றாள் பேச்சியம்மாள். "கொறஞ்சிருக்கா?"

வடிவு ஆம் என்று சொல்ல நினைத்தாள். அம்மா அதைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. நாக்கை மேல்வாயில் ஒட்டி, கண்ணை மூடி, நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. அப்படியேதான் இனிக்குது. உனக்கு?"

"எனக்கும் அப்படியேதான்."

பேச்சியம்மாள் திரும்பவும் பாயில் உட்கார்ந்தாள். சொளகை எடுத்து அந்தப் பக்கம் வைத்து, பாயில் இடம் விட்டாள்.

"அவ்வளவு தள்ளி ஏன் உக்காந்திருக்க? இங்குட்டு வா," என்றாள். "அந்த ஆஸ்டல் பிள்ளைக சிரிச்சுதுன்னியே, என்ன சொல்லிச் சிரிச்சுது?"